இரண்டு தரம் கூப்பிட வேண்டும்

அத்தையின் பேரை இரண்டு தரம் கூப்பிட வேண்டும். முதல் தரம் கூப்பிட்டால் காதில் விழாது. காது மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். நாலு வீடு தள்ளி யாராவது அடுப்பில் பாலைப் பொங்கவிட்டால் இங்கிருந்தே "ஏய், அடுப்பப் பாரு" என்று சத்தம் போடுகிற ஆள். ஊரில் உள்ள எல்லார் பேருக்கும் அவள் காது திறந்துதான் இருக்கும். சொந்தப் பேருக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகத் திறக்கும்.

அவள் எனக்குச் சொந்த அத்தை இல்லை. லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அந்தச் சுவரும் கூரை வரைக்கும் எட்டாது. எங்கள் வீட்டில் நான் தும்மினால் அவள் வீட்டிலிருந்து "நூறு வயசு" என்று வரும். இரண்டாம் தும்மலுக்கு "கொத்தமல்லி போட்டுக் குடி" என்று வரும். அப்படிப்பட்டவளை அத்தை என்று கூப்பிடாமல் வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது? அவள் பேரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் ஒரு தரத்துக்கு அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

பெரகல சந்தியிலிருந்து கொஸ்லந்தப் பக்கம் இறங்கும் பாதைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் இருந்தோம். காலையில் வேலைக்குப் போகும் முன் எல்லாரும் பெரட்டுக்களத்தில் கூட வேண்டும். கணக்கப்பிள்ளை ஐயா தொப்பியும் குடையுமாக நின்று பேர் கூப்பிடுவார். பேர் வந்ததும் "இருக்கேங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் வேலைதான் கணக்கு. அவர் கோபமாக இருக்கும் நாளில் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்.

என் அம்மா அன்னலெட்சுமி பெரட்டுக்கு நேரத்துக்குப் போன நாளே கிடையாது. சோம்பேறி இல்லை. விடியும் முன்னே எழுந்து ரொட்டி தட்டி, என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பி, தங்கச்சி விஜியைத் தூக்கிக்கொண்டு போய், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, சரியாகத்தான் கிளம்புவாள். பாதி வழியில் எதையாவது மறந்தது ஞாபகம் வரும். தேத்தண்ணிப் போத்தல், தலைத்துண்டு, இடுப்பில் கட்டுகிற படங்கு, ஏதாவது ஒன்று. உடனே திரும்பி வீட்டுக்கு ஓடுவாள். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். அவர் லீவில் வரும்போதெல்லாம், "ஒங்கம்மா கலியாணத்தன்னிக்கும் எதையோ மறந்துட்டுத் திரும்பிப் போனவதான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அம்மா ஓடிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் பெரட்டுக்களத்தில் "அன்னலெட்சுமீ" என்று ஐயா கூப்பிடுவார். கூட்டத்தின் நடுவிலிருந்து மெல்லிசாக, மூக்கால் இழுத்துக்கொண்டு ஒரு குரல் வரும்.

"ஆ...ங், இருக்கேங்க!"

அச்சு அசல் அம்மாவின் குரல். சொன்னது அத்தை.

அம்மாவுக்கு மட்டுமா சொன்னாள்? வாயும் வயிறுமாக இருந்த கடைசி வீட்டு அக்காவுக்கு மூச்சு வாங்குகிற குரல் ஒன்று வைத்திருந்தாள். சுருட்டுக் குடிக்கிற மாரியாயிக் கிழவிக்கு இருமலோடு சேர்த்து ஒன்று. ஒரு நாள் கிழவி நேரத்துக்கு வந்து நின்றது தெரியாமல் அத்தை இருமிவிட்டாள். கிழவியும் இருமினாள். ஐயா தலையை நிமிர்த்தவே இல்லை. "ரெண்டு மாரியாயி இருக்கீங்க போல. ஒருத்தி போதும், மத்தவ வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

அவருக்குத் தெரியாமல் இருக்குமா? எல்லாம் தெரியும். சில நாள் வேண்டுமென்றே வம்புக்கு இழுப்பார்.

"அன்னலெட்சுமிக்கு இன்னைக்குத் தொண்டை சரியில்லையோ?"

அத்தை அசர மாட்டாள். அதே மூக்குக் குரலில், "தடிமன் ஐயா" என்பாள்.

பேர் கூப்பிடுவது வீட்டு வரிசைப்படி. அம்மாவின் பேருக்கு அடுத்தது அத்தையின் பேர். அங்கேதான் சிக்கல். அம்மாவின் குரலிலிருந்து தன் குரலுக்குத் திரும்பி வர அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஐயா ஒரு தரம் கூப்பிடுவார். சத்தமிருக்காது. எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். இரண்டாம் தரம் கூப்பிடுவார். அப்போதுதான் வெற்றிலைக் கரகரப்போடு அவள் சொந்தக் குரல் வரும். "இருக்கேன் இருக்கேன், எங்க போயிடப் போறேன்?" அதற்குப் பிறகு மிச்சப் பேர்களையும் கூப்பிட்டு முடித்து, "சரி, மலைக்குப் போங்க" என்பார் ஐயா. பெண்கள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறுவார்கள்.

அடுத்தவருக்குப் பதிலாக நிற்பது அவளுக்கு ஒரு வியாதி மாதிரி. என் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் அம்மாவுக்குப் பதிலாக வந்து உட்கார்ந்துவிடுவாள். "ஒங்க மகள் வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள்" என்று டீச்சர் சொன்னால், அம்மாவின் குரலிலேயே, "வீட்டுலயும் அப்புடித்தாங்க, நான் கண்டிக்கிறேன்" என்பாள். வெளியே வந்ததும் அம்மாவுக்காக ஒரு கிள்ளு, தனக்காக ஒரு கிள்ளு. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "நல்லாப் படிக்கிறாளாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

பல் விஷயம் இன்னும் மோசம். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கடைசி வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனாள். அக்கா பல்வலிக்காரி, அத்தை துணைக்குப் போனவள். அக்கா வெளியே குழாயடிக்குப் போன நேரம் பார்த்து அவள் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். முறை போய்விடுமே என்று அத்தை, "இருக்கேங்க" என்று உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து வாயையும் திறந்துவிட்டாள். டொக்டர் பார்த்தார். "இவ்வளவு நாள் இதை வைத்துக்கொண்டு எப்படி இருந்தீர்கள்?" என்று கேட்டு, உண்மையாகவே அழுகிப்போயிருந்த அத்தையின் கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டார். அக்கா பல்லோடும் வலியோடும் திரும்பி வந்தாள். அத்தை பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இரண்டு பேரும் சண்டை.

இவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். இனிச் சொல்வதை அப்படிச் சொல்ல முடியாது. ஆனாலும் அதைச் சொல்லாமல் அத்தை முழுசாக வர மாட்டாள்.

ஐப்பசி மழை பல நாளாக விடவில்லை. அன்றைக்கு நான் கீழே பள்ளிக்கூடத்தில் இருந்தேன். விஜிக்கு அப்போது மூன்று வயது நிறையவில்லை. அவளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்குக் கிளம்பிய அம்மா வழக்கம்போலத் திரும்பி ஓடியிருக்கிறாள். அடுப்புக்கு மேலே காயப்போட்ட படங்கை எடுக்க. பெரட்டில் ஐயா பேர் கூப்பிட்டார். "ஆ...ங், இருக்கேங்க" என்று குரல் வந்தது. ஐயா பேரைப் பதிந்துகொண்டார். எல்லாரும் மலைக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் லயத்துக்குப் பின்னால் இருந்த மலை அப்படியே இறங்கிவிட்டது.

மலைக்குப் போனவர்கள் தப்பினார்கள். வீட்டில் இருந்த கிழவர்கள், காய்ச்சலில் படுத்தவர்கள், கைக்குழந்தைக்காரிகள் தப்பவில்லை. பள்ளிக்கூடத்து மண்டபத்தில் பிள்ளைகள் எல்லாம் அழுதுகொண்டு நின்றோம். யாரோ வந்து என்னிடம் சொன்னார்கள்: "நீ அழாத. ஒங்கம்மா பெரட்டுக்கு வந்துருச்சு, பேரு பதிஞ்சிருக்கு. மலையில நிக்குது." பிள்ளைக் காம்பராவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அங்கிருந்து விஜியையும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். மற்றப் பிள்ளைகள் அழ, நான் அவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அத்தை வேறு பிரிவு மலையில் நின்றவள். பாதையெல்லாம் உடைந்து, சுற்றி வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. முழங்கால் வரை சேறு. ஓடி வந்து ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "அவ வரல ஐயா! நான்தான் சொன்னேன்! அவ வீட்டுக்குள்ள இருக்கா!" அதற்குப் பிறகுதான் எங்கள் வீடு இருந்த இடத்தில் மண்ணை வெட்டத் தொடங்கினார்கள். அடுத்த நாள் அம்மாவை எடுத்தார்கள். முன்னாலேயே தேடியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. மண்ணெடுத்த ஆமிக்காரர் ஒருவர் தனக்குத் தெரிந்த தமிழில் என் தலையைத் தடவிச் சொன்னார்: "ஒடனே போச்சு. நோவு இல்ல." நான் அதை நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். அத்தையால் நம்ப முடியவில்லை.

அன்றோடு அவள் யாருக்கும் குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். தனித்தனியாகப் புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல வீடுகள். அப்பா கொழும்பிலிருந்தே செலவுக்கு அனுப்பினார், நாங்கள் பதுளையில் சித்தி வீட்டுக்கு வந்துவிட்டோம். அத்தை தனியே புது வீட்டில் இருந்தாள். மகன் கொழும்பில். பார்க்கப் போனால், "வீடு நல்லாத்தான் இருக்கு. தும்முனாத்தான் யாருக்கும் தெரியாது" என்பாள்.

முதல் வருஷ நினைவு நாள் வந்தது. அப்போதெல்லாம் இந்த நினைவு நாள் எனக்குப் பிடிக்காது. அந்த மாதம் பிறந்தாலே உடம்புக்கு முடியாமல் போய்விடும். மழைச் சத்தம் கேட்டால் சாப்பாடு இறங்காது. அங்கே போனால் பெரிய பேனர், வாகனத்தில் வந்து இறங்குகிறவர்கள், அம்மாவின் முகத்தைக்கூடப் பார்த்திராத ஆட்களின் நீளப் பேச்சு. பூசாரி ஐயாவும் ஃபாதரும் மட்டும்தான் சுருக்கமாக முடிப்பார்கள். அந்த முதல் வருஷம், கடைசியில் இறந்தவர்களின் பேரை வாசிக்க வேண்டும் என்றார்கள். எல்லாரையும் தெரிந்தவர் என்று கணக்கப்பிள்ளை ஐயாவைக் கூப்பிட்டார்கள். அவர் வேலையை விட்டுப் பெரகல சந்தியில் ஒரு சின்னக் கடை போட்டிருந்தார். அவர் கையில் ஒரு கடதாசியைக் கொடுத்தார்கள். மழைத் துளி விழுந்து எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு மனதிலிருந்து சொல்லத் தொடங்கினார்.

மனதில் இருந்தது பெரட்டு வரிசை. அந்த வரிசை வாயில் வந்ததும் ராகமும் தானாக வந்துவிட்டது. எங்கள் வீட்டு முறை வந்தது.

"அன்னலெட்சுமீ..."

"ஆ...ங், இருக்கேங்க!"

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அத்தை தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றாள். அவள் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. நாக்கு பழக்கத்தில் சொல்லிவிட்டது. வரிசையில் அடுத்தது அத்தையின் பேர். அதற்கும் பழக்கத்தில் ஐயாவின் வாய் திறந்துவிட்டது. சட்டென்று மூடிக்கொண்டு அதற்கடுத்த பேருக்குப் போனார்.

முடிந்ததும் அத்தையைப் பிடித்துக்கொண்டார்கள். தோட்டத் தலைவர் மேலும் கீழும் குதித்தார். கிழவிகள் அதைவிட. "செத்தவ பேருக்கு உசுரோட இருக்கிறவ குரல் குடுப்பாளா? எமன் காதுல விழுந்தா அடுத்தது நீதான்டி!" அத்தை பேனருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து வாயிலேயே அடித்துக்கொண்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஐயா இன்னொரு தரம் கூப்பிட மாட்டாரா என்றுதான் இருந்தது. விஜி என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, நின்றிருந்த பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாக நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போனாள். யாரைத் தேடுகிறாள் என்று நான் அவளிடம் கேட்கவில்லை.

பிறகு வந்த வருஷங்களில் பேர் வாசிக்கும்போது அத்தை கூட்டத்தின் கடைசியில், சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு நிற்பாள். அம்மாவின் பேருக்குப் பிறகு ஒரு சின்ன அமைதி வரும். அந்த அமைதிக்காகவே நான் போகாமல் இருந்துவிடலாமா என்று ஒவ்வொரு வருஷமும் யோசிப்பேன்.

நான் படிப்பை முடித்துப் பதுளையில் ஒரு சேலைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். விஜி வளர்ந்தாள். என்னைவிட வாயாடி. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"அக்கா, அம்மா எப்புடிப் பேசும்?"

சொல்லிக் காட்டப் பார்த்தேன். என் குரல்தான் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன், விஜி விழுந்து விழுந்து சிரித்தாள். எங்களிடம் அம்மாவின் படம் ஒன்று இருந்தது, சித்தியின் கலியாணத்தில் எடுத்தது. படம் பேசாதே. அந்த வருஷம் நினைவு நாளுக்கு முதல் நாளே விஜியைக் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன்.

அத்தை மறுநாள் சமையலுக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். வெலிமடையிலிருந்து யாரோ ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டிருந்தார்கள். விஜி சுற்றி வளைக்கவில்லை.

"அத்தை, எங்கம்மா மாதிரி பேசிக் காட்டுங்க."

அத்தையின் கத்தி நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். "நீ சொல்லிக் குடுத்தியா?"

"இல்லத்த. அவளாக் கேட்டா."

"முடியாது புள்ள. அந்தக் குரலாலதான் ஒங்கம்மாவ..." மிச்சத்தை விழுங்கிக்கொண்டாள்.

ஆமிக்காரர் சொன்னதை நான் மறுபடியும் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன், அதுவரை யாரிடமும் சொல்லாதது. "அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் எங்களுக்கு அம்மா உசுரோட இருந்துச்சு அத்த. மத்தப் புள்ளைங்களுக்கு அதுகூட இல்ல. அந்த அரை நாள நீங்கதான் குடுத்தீங்க."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "மூளைக்குத் தெரியுதுடி. வாய்க்குத் தெரிய மாட்டேங்குது."

விஜி லீக்ஸ் தாள் ஒன்றைக் கிழித்துக்கொண்டே யோசித்தாள். பெரட்டுக் கதையெல்லாம் என்னிடம் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம்.

"அப்ப நாளைக்கு ஐயா கூப்புடுறப்ப யாரும் சொல்லலன்னா, அம்மாவுக்கு அரைப்பேருதானா?"

அத்தை அவளையே பார்த்தாள். முகம் அழுகைக்குப் போகிறதா சிரிப்புக்குப் போகிறதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் போனது. விஜியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு லீக்ஸ் வாசனையோடு குலுங்கினாள். பிறகு நாங்களும் உட்கார்ந்து மிச்ச லீக்ஸை வெட்டினோம்.

மறுநாள் பேச்செல்லாம் முடிந்தது. ஐயா கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் வரிசை வந்தது.

"அன்னலெட்சுமீ..."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து வந்தது.

"ஆ...ங், இருக்கேங்க."

கொஞ்சம் நடுங்கியது. ஆனால் அதே மூக்கு, அதே இழுப்பு. விஜி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தலைவர் திரும்பி முறைத்தார். ஐயா கண்ணைத் திறந்தார். அவரும் இத்தனை வருஷம் அந்தப் பதிவைச் சுமந்துகொண்டுதான் கடையில் உட்கார்ந்திருந்தார் என்பது அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"அன்னலெட்சுமிக்கு இன்னைக்குத் தொண்டை சரியில்லையோ?"

"தடிமன் ஐயா."

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. கடைசி வீட்டு அக்காவாக இருக்கலாம், பல்வலிக்காரி. பிறகு மேல்பிரிவு ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள். வாகனத்தில் வந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு நான் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. மலை இறங்கியபோது வீட்டில் படுத்திருந்து போய்விட்ட மாரியாயிக் கிழவியின் மகன், "எங்க ஆத்தாவுக்கும் ஒண்ணு போடுங்க" என்று வந்து நின்றான். அத்தை இருமினாள். அவன் மூக்கைச் சிந்திக்கொண்டே, "சுருட்டு வாசனையே வந்துருச்சு" என்றான். ஆம்பிளைகளின் பேருக்கும் குழந்தைகளின் பேருக்கும் அந்தந்த வீட்டு ஆட்களே குரல் கொடுக்கத் தொடங்கினார்கள். தலைவர் இரண்டு வருஷம் முறுக்கிக்கொண்டு நின்றார். மூன்றாம் வருஷம் அவருடைய சித்தப்பா பேர் வந்தபோது அவரே கட்டைக் குரலில் "இருக்கேன்" என்றார். நான் ஐப்பசியில் சாப்பிடத் தொடங்கினேன். பதுளையில் காலை பஸ் ஏறும்போதே எனக்கும் விஜிக்கும் கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி ஓர் அவசரம் இருக்கும். இதை வெளியே சொன்னால் தப்பாக நினைப்பார்கள், ஆனால் அப்படித்தான் இருந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும். அத்தை அம்மாவைக் கொஞ்சம் கிண்டலாகத்தான் சொல்லிக் காட்டுவாள். மூக்கு கொஞ்சம் கூட. இழுப்பு கொஞ்சம் நீளம். அம்மாவின் அசல் குரல் எது, அத்தை செய்தது எது என்று இப்போது எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. விஜிக்கு அந்தக் கவலையே இல்லை. அவளுக்குத் தெரிந்த அம்மா அதுதான். வீட்டில் "விஜி, அந்த அரிசியக் களஞ்சு வையி" என்று நான் கூப்பிட்டால் உள்ளே இருந்து "ஆ...ங், இருக்கேங்க" என்று மூக்கால் பதில் வரும். வேலை மட்டும் நடக்காது. நான் அகப்பையைத் தூக்கிக்கொண்டு போவேன்.

எமன் காதில் விழும் என்று பயமுறுத்திய கிழவிகளுக்கு அத்தை ஒரு பதில் வைத்திருந்தாள். "விழட்டுமே. அவன் என்னைய ரெண்டு தரம் கூப்புடணும். மொத தரம் எனக்குக் கேக்காது."

சொன்னபடியே செய்தாள். போன வருஷக் கடைசியில் நெஞ்சு வலி வந்து பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கடையிலிருந்து நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரிக்காக நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பல் போன இடம் தெரியச் சிரித்தாள். "கூப்புட்டான் புள்ள. கேக்காத மாதிரி இருந்துட்டேன்." இரண்டாம் தரம் சித்திரையில் வந்தது. புது வீட்டில், மத்தியானத் தூக்கத்தில். அதற்கு மட்டும் ஒரே குரலில் எழுந்து போய்விட்டாள்.

அத்தை இல்லாத முதல் நினைவு நாள் இந்த வருஷம். பஸ்ஸில் நானும் விஜியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். விஜி இப்போது என்னைவிட உயரம். அம்மாவின் பேருக்கு யார் சொல்வது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மழை இல்லை. ஐயாவுக்கு நன்றாக வயதாகிவிட்டது, கடைப் பையன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். கடைசி வீட்டுப் பக்கமிருந்து ஒவ்வொரு பேராக வந்தது. ஒவ்வொரு பேருக்கும் ஒரு குரல் வந்தது. மாரியாயிக்கு மகன் இருமினான்.

"அன்னலெட்சுமீ..."

நான் வாயைத் திறந்தேன். விஜி என் கையைப் பிடித்து அமர்த்திவிட்டு, தன் சொந்தக் குரலில் சத்தமாகச் சொன்னாள். "வந்துகிட்டு இருக்காங்க ஐயா. வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்காங்க."

சிலர் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் ஏன் அந்தக் குரலை எடுக்கவில்லை? ஐயா தலையாட்டினார். அடுத்த பேருக்கு வாயைத் திறந்தார். இத்தனை வருஷமும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு தாண்டிப் போவாரே, இந்த வருஷம் தாண்டவில்லை. மலை இறங்கிய நாளில் இறந்தவள் இல்லை அவள், பேனரில் அவள் பேர் கிடையாது. இருந்தும் பழைய ராகத்தில், முழுசாக, அத்தையின் பேரைக் கூப்பிட்டார்.

சத்தமில்லை.

மேல்பிரிவு ஆட்கள் எல்லாருக்கும் தெரியும், அது முதல் தரம்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு பழையபடி நின்றார்கள். ஐயா இரண்டாம் தரம் கூப்பிட்டார்.

என் பக்கத்திலிருந்து மெல்லிசாக, மூக்கால் இழுத்துக்கொண்டு வந்தது.

"ஆ...ங், இருக்கேங்க!"

அத்தையின் பேருக்கு அம்மா குரல் கொடுத்தாள்.

எங்கள் வரிசையில் ஒருவர் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது. ஐயா கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"அன்னலெட்சுமி, இன்னைக்குத்தாம்மா நீ நேரத்துக்கு வந்திருக்க."

மிச்சப் பேர்களையும் கூப்பிட்டு முடித்தார். குடையை ஊன்றி நிமிர்ந்து நின்றுகொண்டு, "சரி, மலைக்குப் போங்க" என்றார். நாங்கள் சாப்பிடப் போனோம்.